சட்டைக்குக் கீழே

எதிர் வீட்டுக் கம்ப்யூட்டர் பொண்ணு போனில் அனுப்பிய படத்தைப் பேன்ட்டக்கா முதலில் ஆசையாகத்தான் வாங்கிப் பார்த்தாள். ஆபீஸ் மீட்டிங் படம். கட்டம் கட்டமாக முகங்கள், எல்லோரும் நெஞ்சு வரைதான். நடுக்கட்டத்தில் அந்தப் பெண் சாம்பல் நிறச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தாள். காலர் இரண்டு பக்கமும் ஒரே அளவாக, கிளி மூக்கு மாதிரி கூராக நின்றது. படத்துக்குக் கீழே, ‘எல்லாரும் சட்டை எங்க தைச்சேன்னு கேக்கறாங்க!’ என்று எழுதியிருந்தாள்.

பேன்ட்டக்கா விரலால் படத்தை மேலே தள்ளிப் பார்த்தாள். கீழே எதுவும் வரவில்லை.

“பேன்ட்டு எங்கடி?”

“மேஜைக்கு அடியில இருக்கும்க்கா,” என்றாள் ஓரகத்தி, போனைத் திரும்ப வாங்கிக்கொண்டே. “மீட்டிங்ல யாரு எழுந்து நிக்கப் போறா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பேன்ட்டக்காவும் சிரித்தாள். அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பேன்ட்டக்கா என்ற பெயர் அவளுக்கு ஆலையில் வந்தது. நீளமான தையல் கூடம், வரிசை வரிசையாக மெஷின்கள். ஒரு உடுப்பை ஒருவரே தைப்பது அங்கே கிடையாது. ஒருத்தி சட்டைக்குக் கை வைத்துத் தைப்பாள், ஒருத்தி பட்டன் பட்டி, ஒருத்தி பாக்கெட். சேர்ந்த அன்றே அவளைப் பேன்ட் வரிசையில் கவட்டுத் தையலில் உட்கார வைத்தார்கள். இடது காலும் வலது காலும் வந்து சேரும் இடம். நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் போடுகிறவர் உட்காரும்போது இழுக்கும், நடக்கும்போது உரசும். அவள் கையில் அது விலகியதில்லை. பிரசவத்துக்குப் போய்த் திரும்பியபோதும் அதே மெஷின், அதே தையல்.

காலர் வரிசை தனி ராஜ்யம். ஜன்னலோரம், பெரிய மின்விசிறிக்கு நேர் கீழே. துணி வாங்கும் கம்பெனி ஆட்கள் பார்வையிட வந்தால் மேனேஜர் நேராக அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். காலர் தைக்கிற பெண்கள் வேலையை நிறுத்தாமல், ஆனால் கொஞ்சம் மெதுவாக்கி, அழகாகத் தைத்துக் காட்டுவார்கள். கவட்டுத் தையலைக் காட்ட யாரும் யாரையும் அழைத்து வந்ததில்லை.

கொழுந்தனார் இந்த ஓரகத்தியைப் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தது அந்தக் காலர் வரிசையிலிருந்து.

“இத்தனை பேர் வேலை செய்யற ஆலையில உங்க தம்பி கண்ணு ஜன்னலோரம்தான் போச்சா?” என்று பேன்ட்டக்கா தன் கணவரிடம் கேட்டாள்.

“அங்கதானே காத்து வருது,” என்றார் அவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் குரல் உயர்த்த மாட்டார். நடுமாடியில் சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களிடம் பேசிப் பேசி வந்த பொறுமை.

பிறகு ஆலை மூடியது. முன்னறையில் இரண்டு மெஷின்களை எதிரெதிரே போட்டுக்கொண்டு ஓரகத்திகள் இருவரும் ஜன்னல் திரையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கம்ப்யூட்டர் பொண்ணு வந்தாள். அவளுடைய ஆபீஸ் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தது.

“நைட்டி மாதிரி இருக்கணும் பெரியக்கா, ஆனா நைட்டியா இருக்கக் கூடாது. நாள் பூரா உட்காரணும். திடீர்னு மேனேஜர் கூப்பிட்டா முகத்தைக் காட்டணும். கீழே காய்கறி வண்டி வந்தா அப்படியே இறங்கி ஓடணும். மேலயும் கீழயும் ஒரே துணியா இருந்தா யோசிக்காம எடுத்து மாட்டிக்கலாம்.”

“தூங்கி எழுந்த மாதிரியும் தெரியக் கூடாது, தூங்கப் போற மாதிரியும் தெரியக் கூடாது,” என்றாள் ஓரகத்தி.

“அதேதான் சின்னக்கா!”

யார் எதைத் தைப்பது என்ற பேச்சே எழவில்லை. ஓரகத்தி சட்டையை எடுத்துக்கொண்டாள். பேன்ட் பெரியவளிடம் வந்தது, எப்போதும் போல.

ஆனால் அந்தப் பேன்ட்டுக்காக அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும். ஆலைப் பேன்ட் நிற்கிறவர்களுக்கு வெட்டியது. இது உட்காருகிறவர்களுக்கு. கணவரை நாற்காலியில் உட்கார வைத்து, எழுப்பி, மறுபடி உட்கார வைத்து, முதுகுப் பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் பிடித்து அளந்தாள்.

“நான் எந்த மாடிக்குப் போகணும்னு சொல்லிடு, ஒரேயடியாப் போயிடறேன்,” என்றார் அவர்.

பின்பக்க இடுப்பை முன்பக்கத்தைவிட உயர்த்தி வெட்டினாள். எலாஸ்டிக் சுருண்டுகொள்ளாமல் இருக்க அதன் மேலேயே வரிவரியாகத் தையல் ஓட்டினாள். உட்கார்ந்தாலும் போன் நழுவாதபடி பாக்கெட்டைச் சாய்த்து ஆழமாக வைத்தாள். துவைத்துத் துவைத்துப் போட்டுப் பார்த்து, நாலாவது பேன்ட்டில்தான் அவளுக்குத் திருப்தி வந்தது. ஓரகத்தி சட்டையை ஒரே காலையில் முடித்திருந்தாள். அந்தச் சட்டையைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

கேட்டவர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் அவரவர் மீட்டிங்கில் காட்டினார்கள். கட்டம் கட்டமாகப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் காலர். ஒரு படத்தில் ஒரு பூனையின் வால்கூட விழுந்திருந்தது, பேன்ட் விழவில்லை. ஓரகத்தி ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, “இந்த வளைவு பாருங்கக்கா” என்று காட்டுவாள். பேன்ட்டக்கா “ம்” என்பாள். நல்ல வளைவுதான். நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

போன் பேசுவது ஓரகத்தி. துணி வாங்கப் போவதும், வாடிக்கையாளரிடம் நைச்சியமாகச் சிரிப்பதும் அவளே. வெட்டுவது மட்டும் பெரியவள் பொறுப்பு. அவள் கத்திரி பிடித்தால் துணி நெளியாது. சட்டை, பேன்ட் இரண்டின் அட்டை அச்சுகளும் சுவரில் ஆணியில் தொங்கும். இரண்டையும் ஒரே துணி விரிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வெட்டுவாள்.

அப்புறம் லேபிள் வந்தது. ஓரகத்தி நெய்யக் கொடுத்து, சுருளாக வாங்கிக்கொண்டு வந்தாள். வெள்ளை நாடாவில் நீல எழுத்தில் ‘ஜோடி’ என்று நெய்திருந்தது. பேன்ட்டக்காவுக்குக் கை பரபரத்தது. இத்தனை வருடத்தில் அவள் தைத்த எதிலும் அவள் பங்குக்கு ஒரு எழுத்துகூட இருந்ததில்லை.

ஓரகத்தி ஒவ்வொன்றாக வெட்டிச் சட்டைக் கழுத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போனாள்.

“பேன்ட்டுலயும் இடுப்புல ஒண்ணு வைக்கலாமில்ல?” என்றாள் பேன்ட்டக்கா. சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“ஒரு செட்டுக்கு ஒண்ணு போதும்க்கா. அங்க வைச்சா யாருக்கா பாப்பாங்க?”

இடுப்பில் லேபிள் வைப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. எலாஸ்டிக் பேன்ட்டில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று போடுகிறவருக்குச் சட்டென்று தெரியாது. உள்ளே பின்புறம் லேபிள் இருந்தால் தடவிப் பார்த்தே போட்டுக்கொள்ளலாம். ஆலையில் அதற்காகவே வைப்பார்கள். இதைச் சொல்லியிருந்தால் ஓரகத்தி அப்போதே ஒத்துக்கொண்டிருப்பாள். பேன்ட்டக்கா சொல்லவில்லை. அடையாளத்துக்காக வைத்தால் அது வேறு. தன்னுடையது என்பதற்காக வைக்க வேண்டும். அதைத்தான் அவள் கேட்டாள்.

“ஜோடின்னு பேரு, ஒத்தையில தைக்கறா,” என்று கணவரிடம் குமுறினாள்.

“நீயும் ஒண்ணு எடுத்து வைச்சுத் தைச்சுக்கயேன். சுருளா இருக்கு, எண்ணியா பாக்கப் போறா?”

“திருடியா வைக்கணும்? அவளா வைக்கணும்.”

“ஒரே வீட்டுல மேல்மாடி ஒண்ணு, கீழ்மாடி ஒண்ணு,” என்றார் அவர், காலுறையைக் கழற்றிக்கொண்டே. “நடுவுல ஏறி இறங்கிச் சாகறதுக்கு நான்.”

குளிர் காலம் தொடங்கியபோது கம்ப்யூட்டர் பொண்ணின் மேனேஜரம்மா தன் குழுவினர் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி செட் வேண்டும் என்று கேட்டாள். அவர்களுக்கு வந்ததில் அதுதான் பெரிய ஆர்டர். இது நன்றாகப் போனால் மற்றக் குழுக்களுக்கும் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். ஓரகத்தி துணிக்கடை அண்ணனிடம் போய், பாசிப்பச்சை நிறத்தில், மேலே பூனைக்குட்டி முதுகு மாதிரி மெல்லிய ரோமம் படிந்த கனத்த துணியாகப் பார்த்து வாங்கி வந்தாள்.

ரோமத் துணிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுவென்று படுக்கும், மறுபக்கமாகத் தடவினால் எழுந்து நிற்கும். ரோமம் கீழ் நோக்கிப் படுக்கும்படி வெட்டிய துணி போட்டுக்கொண்டு நிற்கும்போது கொஞ்சம் வெளிறித் தெரியும். மேல் நோக்கும்படி வெட்டினால் நிறம் ஆழமாக, செழிப்பாக இருக்கும். எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். ஆனால் ஒரு செட்டில் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் இருந்தாக வேண்டும். தையல் வேலைக்கு நேற்று வந்தவளுக்கும் இது தெரியும்.

வெட்டும் அன்று ஓரகத்தி பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். பேன்ட்டக்கா துணியை அடுக்கடுக்காக விரித்தாள். சட்டை அச்சை வழக்கம்போல வைத்தாள். பேன்ட் அச்சைக் கையில் எடுத்துக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம் தடவினால் காய்ந்த பாசி. அந்தப் பக்கம் தடவினால் மழைக்குப் பிறகு கிணற்றுச் சுவரில் இருக்கும் பாசி. அவள் அச்சைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

மனம் உடனே ஒரு சமாதானமும் சொன்னது: இப்படித் தலையும் காலுமாக மாற்றி வைத்தால் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும், துணி மிச்சமாகும். உண்மைதான், ஓரகத்தி தாராளமாக வாங்கியிருந்ததால் நிறையவே மிச்சமானது. அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஆனால் அச்சைத் திருப்பியபோது அவள் துணிச் செலவை நினைக்கவில்லை. சட்டை வெளிறட்டும் என்றுகூட நினைக்கவில்லை. என் பேன்ட் ஒரு தடவையாவது சட்டையைவிட நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

சட்டைகள் ஒரு பக்கம் தைக்கப்பட்டன, பேன்ட்டுகள் ஒரு பக்கம். அவர்கள் மடிக்கும் முறையில் பேன்ட்டை நான்காக மடித்து அடியில் வைத்து, அதன் மேல் சட்டையைப் போர்த்தி, காலரும் லேபிளும் தெரிய உறையில் போடுவார்கள். பேன்ட் சட்டைக்குள் மறைந்துவிடும். அது ஓரகத்தி கொண்டு வந்த முறை. எனவே அவள் கண்ணில் எதுவும் படவில்லை.

பெட்டி போனது. பேன்ட்டக்கா காத்திருந்தாள். போன் அடித்தால் அவள் கை மெஷின் சக்கரத்தில் நின்றுவிடும்.

படம் வந்தது. கட்டத்துக்குக் கட்டம் பச்சைச் சட்டை. ‘என்ன அருமையான கலர்!’ என்று மேனேஜரம்மா எழுதியிருந்தாள். ஓரகத்தி சத்தமாக வாசித்தாள், இரண்டு தடவை.

ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. நாட்கள் போயின. பேன்ட்டக்காவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒழுங்காகத் தைத்தபோதும் யாரும் பார்க்கவில்லை. தப்பாக வெட்டியும் பார்க்கவில்லை. செய்த தப்பைக்கூட ஓரகத்தியின் சட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறதே என்று இருந்தது.

ஒருநாள் காலையில் கம்ப்யூட்டர் பொண்ணு செட்டைப் போட்டுக்கொண்டே தெருவைத் தாண்டி ஓடி வந்தாள்.

“பெரியக்கா, பேன்ட்டு கொஞ்சம் நீளம். மடிச்சுத் தைச்சுத் தரணும். அடுத்த வாரம் எங்க குழு மொத்தமும் ஒரே இடத்துல கூடறோம். எல்லாரும் இதைத்தான் போடணுமாம், நிக்க வைச்சு முழுசாப் படம் எடுக்கப் போறாங்களாம். பெரிய மேனேஜர் எல்லாம் வர்றாரு.”

அவள் வாசலில் நின்றாள். பின்னாலிருந்து காலை வெயில் சாய்வாக அடித்தது. ஓரகத்தி மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தவள், அப்படியே எழுந்து வந்தாள். பெண்ணைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். மேலே ஒரு பச்சை. கீழே வேறு பச்சை. இரண்டு பேருடைய உடுப்பை அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டது போல இருந்தது.

“அக்கா, இங்க வாங்க. இது நம்ம துணியா?”

பேன்ட்டக்கா எழுந்திருக்கவில்லை. “நம்மதுதான்.”

“கீழ வேற கலரா இருக்கே! அந்தத் துணிக்கடைக்காரர் ஏமாத்திட்டாரு. ரெண்டு வேற வேற சாயத்தை ஒரே சுருள்ல சுத்திக் கொடுத்திருக்காரு. இருங்க, வைச்சுக்கறேன் அவரை.”

போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். துணிக்கடை அண்ணன் நல்ல மனிதர், ஆலை மூடிய நாளிலிருந்து அவர்களுக்கு முகம் சுளிக்காமல் துணி கொடுத்து வந்தவர். “சொல்லும்மா,” என்று அவர் குரல் வெளியே கேட்டது.

“அண்ணே, நீங்க செஞ்சது நியாயமா?”

“போனை வைடி,” என்றாள் பேன்ட்டக்கா.

“நீங்க சும்மா இருங்கக்கா. அண்ணே, எங்களை என்ன கண்ணு தெரியாதவங்கன்னு...”

“வைடின்னு சொல்றேன்ல. அவரு மேல தப்பில்ல. நான்தான் அச்சைத் திருப்பி வைச்சு வெட்டினேன்.”

ஓரகத்தி போனைக் காதிலிருந்து இறக்கினாள். “அப்புறம் பேசறேண்ணே,” என்று அதைப் பார்த்துச் சொன்னாள்.

“தெரியாம வைச்சுட்டீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

“எதுக்கு?”

“நல்லா இருக்கட்டும்னு.”

“எது?”

“பேன்ட்டு,” என்றாள்.

ஓரகத்திக்குச் சத்தம் பீறிட்டு வந்தது.

“அப்ப என் சட்டை? அது எப்படிப் போனா உங்களுக்கென்ன? ராத்திரி பகலா தைச்சேனே! அந்தப் பெரிய மேனேஜர் முன்னாடி இவங்க எல்லாம் கிளி ஜோசியக்காரன் அட்டை மாதிரி ஆளுக்கு ரெண்டு கலரா நிப்பாங்க. இனி எவ ஆர்டர் கொடுப்பா? ஒரு லேபிள் வைக்கலேங்கறதுக்காகவா இவ்வளவும்?”

அந்த ஆசை ஓரகத்திக்குத் தெரிந்திருக்கிறது. பேன்ட்டக்கா அதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் வைக்காமல் இருந்திருக்கிறாள்.

“ஐயோ சண்டை வேண்டாம்க்கா,” என்று கம்ப்யூட்டர் பொண்ணு நடுவில் புகுந்தாள். அவளுக்கு ஆபீஸில் எல்லோரையும் சமாதானம் செய்து பழக்கம். “எனக்குத் தெரியவே இல்ல பாருங்க, நான் ரெண்டையும் சேர்த்து ரொம்ப நேரம் போடறதே இல்லியே. மீட்டிங் முடிஞ்ச உடனே சட்டையைக் கழட்டிடுவேன். காலர் கழுத்துல குத்தும். பழைய பனியன் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்குவேன். பேன்ட்டு மட்டும்தான் நாள் பூரா. தூங்கறதும் அதுலயேதான். அதனாலதானே பேன்ட்டு மட்டும் தனியா வேணும்னு ரெண்டு தடவை கேட்டேன்? எங்க குழுவுலகூட கேட்டாங்களே. செட்டாத்தான் தருவோம்னு சின்னக்கா சொல்லிட்டாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது. “முன்னாடி எது பின்னாடி எதுன்னுதான் கொஞ்சம் தெரியாது,” என்று மெதுவாகச் சேர்த்தாள்.

இப்போது பேன்ட்டக்கா எழுந்தாள்.

“கேட்டாங்களா?”

ஓரகத்தி ஜன்னலைப் பார்த்தாள்.

“உன்னைத்தான். எத்தனை பேர் கேட்டாங்க?”

“கேட்டாங்க. கொஞ்ச பேர்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன ஆகும்? பேன்ட்டு மட்டும் போதும்னு எல்லாரும் வாங்குவாங்க. அப்புறம் நான் இங்க என்ன, பட்டன் கோத்துக்கிட்டு உக்காரணுமா?” ஓரகத்தியின் கண் கலங்கிவிட்டது, குரல் மட்டும் இறங்கவில்லை. “என் சட்டையைப் பாக்கறாங்கன்னு உங்களுக்குப் பொறாமை. பாக்கத்தான் பாக்கறாங்க. பாத்து முடிச்சதும் கழட்டி எறியறாங்க. உங்களது உடம்போட ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. கேக்க எனக்கு எப்படி இருக்கும்?”

பேன்ட்டக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. அதே நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ வெல்லம் போலக் கரைந்தது. தூங்கறதும் அதுலயேதான். அந்த வார்த்தையை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதை இவள் மறைத்து வைத்திருந்தாளே என்று மறுபடி எரிந்தது. இரண்டும் மாறி மாறி வந்தன.

“நான் ஒரு வேலையைக் கெடுத்தேன்,” என்றாள். “நீ என்னையே மறைச்சுட்ட.”

“நீங்க மட்டும் யோக்கியமா?”

“நான் யோக்கியம்னு எப்ப சொன்னேன்?”

கம்ப்யூட்டர் பொண்ணு சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்ந்தாள். “மீட்டிங் இருக்கு,” என்றாள் யாரிடமும் இல்லாமல், மடித்துத் தைக்க வேண்டிய பேன்ட்டோடே போய்விட்டாள்.

திட்டித் தீர்ந்த பிறகு வேலையைப் பற்றிப் பேசித்தானே ஆக வேண்டும். ஏதாவது ஒரு பாதியை மறுபடி வெட்டி, படம் எடுப்பதற்குள் கொடுத்தாக வேண்டும். பேன்ட்டக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து மிச்சத் துணியை இழுத்துப் போட்டாள். ஓரகத்தி அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள், கேட்கவில்லை. அந்தச் சாயம் இனிக் கடையில் கிடைக்காது, இருப்பதை அளந்து பார்த்தார்கள். பேன்ட்டுக்குப் பத்தாது. சட்டைக்கு, முதுகு நடுவே ஒரு ஒட்டுக் கொடுத்து வெட்டினால், சரியாக வரும்.

அதாவது பேன்ட் அப்படியே இருக்கும். சட்டைதான் அதற்குத் தகுந்தபடி மாற வேண்டும்.

இரண்டு பேருக்கும் அது ஒரே சமயத்தில் புரிந்தது. ஓரகத்தி துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேன்ட்டக்கா முகத்தை வேண்டுமென்றே வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். உதடு தன் பேச்சைக் கேட்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை.

ஓரகத்தி மேனேஜரம்மாவுக்குப் போன் செய்தாள். “ஆமாங்க, சட்டையிலதான் சின்னத் தப்பு ஆயிடுச்சு. கலர் சேரல. இல்லைங்க, பேன்ட்டு சரியாத்தான் இருக்கு. சட்டையை மட்டும் மாத்தித் தர்றோம்.” வார்த்தைக்கு வார்த்தை பெரியவளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பேன்ட்டக்கா பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சட்டையில் தப்பு என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. தப்பு தன்னுடையது என்பதும் தெரியும். இருந்தும் காதுக்கு இனித்தது. இனிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெட்டித் தைத்தார்கள். பேச்சு வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும். “கத்திரி.” “இந்தாங்க.” “விளக்கைப் போடு.” இந்தத் தடவை ஓரகத்தி காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியை எடுத்துவிட்டு, மெல்லிய துணி ஒன்றை வைத்தாள். காலர் கிளி மூக்காக நிற்காமல் பணிவாகக் கழுத்தில் படிந்தது. கழுத்தில் குத்தும் என்ற சொல் அவளுக்குக் குத்தியிருந்தது.

புதுச் சட்டைகள் போய்ப் பழையவை திரும்பி வந்தன. ஓரகத்தி அவற்றின் கழுத்திலிருந்த லேபிள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சின்னக் குவியலாகச் சேர்ந்ததும் பெரியவள் மெஷின் பலகையில் கொண்டுவந்து கொட்டினாள்.

“பேன்ட்டுல வைச்சுக்கங்க. தனியா கேக்கறவங்களுக்குத் தனியா கொடுப்போம். முன்ன பின்ன தெரியலன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல, அடையாளத்துக்கு ஆகும்.”

பேன்ட்டக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. கேட்டது வந்துவிட்டது. அவள் கேட்ட காரணத்துக்காக வரவில்லை, புதிதாகவும் வரவில்லை. வேண்டாம் என்று தள்ளிவிடலாம். தள்ளவில்லை. பழைய துளையிலேயே ஊசி இறங்கும்படி நிதானமாக ஓட்டி, ஒரு பேன்ட்டின் இடுப்பில், உள்ளே, பின்புறம், நட்டநடுவில் வைத்துத் தைத்தாள். தைத்து முடித்துக் கட்டை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

“நேரா இருக்கா?” என்று கேட்டாள் ஓரகத்தி.

“உன்னுதைவிட நேரா இருக்கு.”

குழு கூடிய அன்றே படம் வந்தது. முழுப் படம். குழு மொத்தமும் ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் வரிசையாக நின்றது. தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே பச்சை, மழைக்குப் பிறகான பாசிப் பச்சை. ‘கச்சிதம்’ என்று மேனேஜரம்மா எழுதியிருந்தாள். எது கச்சிதம் என்று எழுதவில்லை.

ஒரே போனை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஓரகத்தி விரல் வைத்துக் காலரைப் பெரிதாக்கினாள். பேன்ட்டக்கா அதைக் கீழே இழுத்தாள்.

“இருங்கக்கா, பாத்துக்கிட்டிருக்கேன்ல.”

“நீ இத்தனை நாளா பாத்துக்கிட்டுதானே இருந்த?”

பேன்ட் நன்றாக விழுந்திருந்தது. முழங்காலில் தொய்யவில்லை, கணுக்காலில் சரியாக நின்றது. பேன்ட்டக்கா விரலோடு மெதுவாகப் படத்தில் மேலே போனாள். இடுப்பு வரவில்லை. வரிவரியாக அவள் தையல் ஓட்டிய எலாஸ்டிக், சாய்த்து வைத்த பாக்கெட் வாய், எல்லாவற்றின் மேலும் சட்டை விளிம்பு திரை மாதிரி இறங்கி மூடியிருந்தது. ஒருவர் விடாமல் எல்லோருக்கும்.

“சட்டையை ரெண்டு விரல் குட்டையா வெட்டியிருக்கலாம்,” என்றாள்.

“வெட்டினது நீங்கதானே?”

பேன்ட்டக்கா போனை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் போய், ஆணியிலிருந்து சட்டை அச்சைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஒரு கையில் கத்திரியோடு அளவுகோலைத் தேடினாள்.

“அக்கா,” என்றாள் ஓரகத்தி. “அதை மாட்டுங்க.”

“சும்மா பாக்கறேன்.”

“பாக்கறதுக்குக் கத்திரி எதுக்கு?”